யாரும் சாகாத படங்கள்

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஜெயவேலு அவசரப்படுகிற ஆள் இல்லை. வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் நிற்பார். வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தாலும் சரி, அடுத்த ஆள் எழுந்து நின்று செருமினாலும் சரி, அவர் பாட்டுக்கு நிற்பார். இந்தப் பொறுமை அண்ணனுக்குப் பிறவியில் வந்ததில்லை என்று தங்கை ரோஹிணி சொல்வாள். "ஒரு ஆளு ஜன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டே இருக்கற மாதிரி படமா பாத்தா வேற என்ன வரும்?"

ஜெயவேலுவுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. அப்பா காலமான பிறகு கடை அவர் கைக்கு வந்தது. முடிச்சூர் சாலைப் பக்கம் சொந்த வீடு. மற்ற நாட்களில் அது தெருமுனை வீடு, மழைக்காலத்தில் மட்டும் ஏரிக்கரை வீடு. அங்கே நெடுங்காலம் அம்மா ஞானாம்பாளும் அவரும் மட்டும். முப்பதை ஒட்டிய வயதில் அம்மா அவருக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார். மாடம்பாக்கம், குரோம்பேட்டை, ஊரப்பாக்கம் என்று போகாத இடமில்லை. போன இடத்திலெல்லாம் ஜெயவேலு பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து ஏதாவது காரணம் சொல்வார். ஜாதகம் சரியில்லை, கடை மேல் கடன் இருக்கிறது, பெண் ரொம்பப் படித்திருக்கிறாள். வெள்ளம் வந்த வருஷம் வெள்ளத்தையே காரணமாகச் சொன்னார். கடைசியில் அம்மா அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

உண்மையான காரணம் ஜெயவேலுவுக்குக் கல்லூரி நாட்களிலேயே தெரியும். அவருக்குப் பெண்கள் மேல் நாட்டம் இல்லை, ஆண்கள் மேல்தான். இதை யாரிடமும் சொன்னதில்லை. செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை போகிற மின்சார ரயிலில் அத்தனை கூட்டத்தில், தான் ஒருவன்தான் இப்படி என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த நம்பிக்கை ஒரு டிசம்பர் மாதம் உடைந்தது. கடைக்கு வந்த ஒருவர், சென்னையில் நடக்கும் உலகப்பட விழாவுக்கான பாஸை நீட்டி, "நான் ஊருக்குப் போறேன் சார், வீணாப் போகுது, நீங்க பாருங்க" என்றார். ஜெயவேலுவுக்குக் குழந்தைகள் வரும் ஒரு படத்தைப் பார்க்க ஆசை. ஆனால் அவசரத்தில் அரங்கு மாறிப் போய் உட்கார்ந்துவிட்டார். திரையில் உருகுவே நாட்டுப் படம். எழுந்து போக நினைத்தால், நடுவரிசை. முழங்கால்களைத் தாண்ட வேண்டும். கூச்சப்பட்டு அப்படியே இருந்துவிட்டார். அந்தக் கூச்சத்துக்கு அவர் இன்றைக்கும் நன்றி சொல்கிறார்.

படத்தில் இரண்டு பஸ் டிரைவர்கள். ஒரே தடத்தில் எதிரெதிராக ஓட்டுகிறார்கள். ஒரு பாலத்தின் மேல் தினமும் பஸ்கள் ஒன்றையொன்று கடக்கும். முதலில் கை காட்டுகிறார்கள். பிறகு பஸ்ஸின் முன்விளக்கை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். ஒருநாள் ஒருவன் பாலத்தின் நடுவிலேயே பஸ்ஸை நிறுத்தி, பயணிகள் கத்தக் கத்த, ஜன்னல் வழியாக மற்றவனுக்கு ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுக்கிறான். கதை அவ்வளவுதான். நடுவில் ஒருவனை வேறு ஊருக்கு மாற்றுகிறார்கள், பிரிகிறார்கள். கடைசியில் அவன் வேலையை விட்டுவிட்டு வந்து, மற்றவன் பஸ்ஸில் சாதாரணப் பயணியாக ஏறி, கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்திருக்கிறான்.

விளக்குப் போட்டபோது ஜெயவேலுவின் சட்டைக் காலர் நனைந்திருந்தது. திரும்பி வரும் ரயிலில் உருகுவே எங்கே இருக்கிறது என்று போனில் தேடினார். பூமியின் அந்தப் பக்கம் இருந்தது. அங்கேயும் தன்னைப் போல ஒருவன் இருக்கிறான், அவனும் வேலைக்குப் போகிறான், அவன் வாழ்க்கையைப் படமெடுக்கலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. பல்லாவரம் தாண்டும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது.

அதன்பிறகு தேடல் தொடங்கியது. சந்தா கட்டிப் பார்க்கும் தளங்கள், தபாலில் வரும் டிஸ்க்குகள், விழாக்கள். தாய்லாந்து, ஹங்கேரி, பிலிப்பைன்ஸ், செனகல் என்று ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் விரும்பும் படங்கள் எங்கே வந்தாலும் பார்த்தார். பாதிக்கு மேல் மெதுவாகப் போகும் படங்கள்தான். ஒருவர் சட்டைக்கு இஸ்திரி போடுவதை முழுதாகக் காட்டுவார்கள். முதலில் கொட்டாவி வந்தது. போகப்போக அந்த இஸ்திரிக்குள் என்னவெல்லாம் நடக்கிறது என்று பிடிபட ஆரம்பித்தது.

ஒரு குறையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இந்தப் படங்களில் பெரும்பாலும் யாராவது செத்துப்போனார்கள். ஒருவன் கடலில் மூழ்குவான், ஒருத்திக்கு நோய் வரும், ஒருவனை யாராவது அடித்துப்போடுவார்கள். இணையத்தில் சென்னை நண்பர்கள் சிலர் நடத்திய குழுவில் ஜெயவேலு சேர்ந்தார். யார் எந்தப் படத்தைப் புகழ்ந்து எழுதினாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "கடைசியில் யாராவது சாகிறார்களா?" என்பதுதான். குழுவில் அவருக்கு 'எமன் செக்போஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. யாரும் சாகாத படங்களை மட்டும் தனியாகச் சேர்த்து வைத்தார்.

2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. இப்படி இருப்பது இனிமேல் குற்றமில்லை. அன்று ஜெயவேலு கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், "கடை ஆரம்பிச்ச நாள்" என்றார்.

படங்களுக்குக் கீழே ஆங்கில வசன எழுத்துகள் ஓடும் வேகத்துக்கு அவரால் படிக்க முடிவதில்லை. நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். அப்படியே தமிழில் எழுதிப் பார்த்தார். பிறகு திரையில் எழுத்து போடும் மென்பொருளைக் கற்றுக்கொண்டார். முதலில் அந்தப் பஸ் டிரைவர் படத்தைத்தான் எடுத்தார். கடை வியாபாரம் மந்தமாக இருக்கும் மத்தியானங்களில், வீட்டில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் காலைகளில், வசனம் வசனமாகத் தமிழாக்கினார்.

பிரிகிற காட்சி மட்டும் மக்கர் செய்தது. பஸ் நிலையத்தில் ஒருவன் மற்றவனிடம் சொல்லும் சின்ன வாக்கியம். 'நான் உன்னை நேசிக்கிறேன்' என்று எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்.

அம்மா கீரையிலிருந்து தலை நிமிர்ந்தார். "யார்டா இப்படிப் பேசுவாங்க? ரேடியோ நியூஸ் மாதிரி இருக்கு."

"இல்லம்மா, ஒருத்தர் வெளியூர் போறாரு. வழியனுப்ப வந்தவங்களுக்கு அவர் மேல ரொம்பப் பிரியம். அந்த நேரத்துல என்ன சொல்லுவாங்க?"

"கட்டிக்கிட்டவங்களா?"

"அந்த மாதிரின்னு வெச்சுக்க."

ஞானாம்பாள் ஒரு கீரைக்காம்பைக் கிள்ளிப் போட்டார். "'போய்ச் சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடு'ன்னு போடு. அதுக்கு மேல என்ன இருக்கு?"

உருகுவேயில் மிஸ்டு கால் கொடுக்கிற வழக்கம் உண்டா என்று ஜெயவேலு கவலைப்பட்டார். ஆனால் காட்சியில் போட்டு, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். அப்படியே விட்டுவிட்டார். அதிலிருந்து எந்த வசனம் மக்கர் செய்தாலும் அம்மாவிடம் கேட்பது பழக்கமாயிற்று. யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

வேலை முடிந்ததும் படத்தை எடுத்த பெண்மணிக்கு மின்னஞ்சல் எழுதி அனுமதி கேட்டார். பதில் வரும் என்று நினைக்கவில்லை. ஆச்சரியக்குறிகளாக நிறைந்த பதில் வந்தது. தாராளமாகக் காட்டுங்கள், உங்கள் ஊர் பஸ் நிலையத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றிருந்தது. ஜெயவேலு தாம்பரம் பஸ் நிறுத்தத்தை, வாழைப்பழத் தள்ளுவண்டி உட்பட, எடுத்து அனுப்பினார்.

அடுத்து இடம். கிழக்குப் பக்கம் கேம்ப் ரோடில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் அப்துல் கஃபாருக்கு மாடியில் ஒரு ஹால் இருந்தது. காதுகுத்து, நிச்சயதார்த்தம் எல்லாம் அங்கே நடக்கும். மேல் பாதி தூரத்துக்கு, கீழ்ப் பாதி படிக்க என்று அவருக்கு இரட்டை வில்லைக் கண்ணாடி போட்டுக் கொடுத்தது ஜெயவேலுதான்.

"என்ன படம் தம்பி?" என்று கஃபார் கேட்டார்.

"வெளிநாட்டுப் படம் பாய். ரெண்டு பஸ் டிரைவருங்க கதை."

"ரெண்டு பேருக்கும் சண்டையா?"

ஜெயவேலு மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இல்ல பாய். ரெண்டு பேருக்கும் பிரியம்."

கஃபார் கண்ணாடியின் கீழ்ப் பாதி வழியாக அவரைச் சற்று நேரம் பார்த்தார். "ஸ்கிரீன் கட்டறேன்னு சுவத்துல ஆணி அடிச்சிடாதீங்க. இப்பத்தான் பெயிண்ட் அடிச்சேன்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம். குழு நண்பர்கள் மயிலாப்பூர், பெரம்பூர் பக்கமிருந்தெல்லாம் ரயிலேறி வந்தார்கள். சமோசா உண்டு என்று ஹால் வாசலில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்து அக்கம்பக்கத்திலிருந்தும் சிலர் வந்தார்கள். நாற்காலிகள் ஓரளவு நிரம்பின. ஜெயவேலு லேப்டாப்பைத் தட்டப் போகும் நேரத்தில் மாடிப்படியில் பட்டுப்புடவை சரசரத்தது. ஞானாம்பாள்! கூடவே ரோஹிணி, பின்னால் இவர்களைக் கொண்டுவந்து விட்ட ஆட்டோ டிரைவரும்.

"தமிழ் வசனம் ஜெயவேலுன்னு நோட்டீஸ்ல போட்டிருக்காமே? பெத்தவளுக்குச் சொல்ல மாட்டியா?" என்று கேட்டுக்கொண்டே அம்மா முன்வரிசையில் உட்கார்ந்தார். மகன் எழுதிய படம் என்று கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

ஜெயவேலு ப்ரொஜெக்டர் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தார். அதற்குள் ரோஹிணி எட்டி விளக்கை அணைத்துவிட்டாள்.

படம் ஓடியது. பஸ்கள் வந்தன, போயின. "இன்னா சார் இது, பஸ்ஸு வந்துகினே கீது, கத எப்போ வரும்?" என்று ஆட்டோ டிரைவர் சத்தமாகக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசை ஓரத்தில், கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் ஆரம்பத்திலேயே தூங்கிப்போய்க் குறட்டை விட்டார். பாலத்தில் ஆரஞ்சுப் பழம் கை மாறியபோது நடுவரிசையில் ஒரு குடும்பம் எழுந்து போனது. ஆட்டோ டிரைவர் போகவில்லை. "அட, குட்துட்டாம்பா!" என்றார்.

பிறகு அந்தப் பஸ் நிலையக் காட்சி. திரையில் இரண்டு ஆண்கள். ஒருவன் மற்றவனின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துவிட்டு ஏதோ சொல்கிறான். கீழே எழுத்து வந்தது: 'போய்ச் சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடு.'

பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஜெயவேலு அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை.

படம் முடிந்து கைதட்டினார்கள். ஞானாம்பாள் மகனிடம் எதுவும் பேசாமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். முடிச்சூருக்குப் போகவில்லை, மாடம்பாக்கத்தில் ரோஹிணி வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஜெயவேலு கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தபோது கட்டம் போட்ட சட்டைக்காரர் வந்தார். பெயர் ஷ்யாம்சுந்தர். காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்கு ஆசிரியர், பொத்தேரியில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். குழுவில் வந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் படத்துக்கு வந்தாராம்.

"மன்னிப்பு கேக்க வந்தேன் சார். ரொம்பக் குறட்டையா?"

"உருகுவே வரைக்கும் கேட்டிருக்கும்" என்றார் ஜெயவேலு. இருந்த மனநிலையில் அவருக்கு மரியாதையெல்லாம் பார்க்கத் தோன்றவில்லை.

"எழுத்து மங்கலாத் தெரிஞ்சுது சார். படிக்க முடியல, அதான் தூக்கம் வந்துடுச்சு."

"உக்காருங்க."

சோதித்துப் பார்த்தால் உண்மையிலேயே தூரத்தில் இருப்பது தெரியாத கோளாறு. வகுப்பில் கடைசி பெஞ்ச்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்றே இத்தனை நாளும் தெரிந்திருக்காது. "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்டு ஜெயவேலு பொறுமையாக நின்றார். ஷ்யாம்சுந்தரும் அவசரப்படவில்லை. கண்ணாடியை வாங்க வருகிறபோது மறுபடி பார்க்கலாம் என்று சொல்லிப் போனார்.

அந்த வாரம் முழுக்க ஜெயவேலு வீட்டில் தயிர்சாதம்தான். ரோஹிணி போனில் சொன்னாள்: "அம்மா நல்லா சாப்பிடறாங்க, டிவி பாக்கறாங்க. உன் பேச்ச எடுத்தா மட்டும் எழுந்து போயிடறாங்க." பிறகு, "எனக்கு முன்னாடியே தோணியிருக்குண்ணா. கேக்கத்தான் தைரியம் வரல" என்றாள். ஜெயவேலு போனைக் காதில் வைத்தபடி, யாரும் பார்க்காமல், கடையின் உள்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

சனிக்கிழமை காலை ஞானாம்பாள் நேராகக் கடைக்கு வந்தார். கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் ஆம்பளைங்கன்னு ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ கோச்சுப்பேன்னு..."

"கோச்சுக்கறதும் கோச்சுக்காததும் என் இஷ்டம். யாரு யாருக்குச் சொல்றாங்கன்னு தெரியாம என்னை வசனம் சொல்ல வெச்சிட்டியே. தெரிஞ்சிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேன்."

"வேற எப்படிம்மா சொல்லியிருப்பே?"

ஞானாம்பாள் சாலையைப் பார்த்தார். ஒரு பஸ் போனது, ஒரு தண்ணீர் லாரி போனது. அம்மா பதில் சொல்லும்வரை ஜெயவேலு நின்றுகொண்டே இருந்தார்.

"அதேதான் சொல்லியிருப்பேன்" என்றார் அம்மா.

அப்புறம் குரல் இறங்கியது. "நீயும் அப்படித்தானா?"

"ஆமாம்மா."

ஞானாம்பாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "முந்தானையில தொடைக்காதம்மா, கீறல் விழும்" என்று தொழில் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது ஜெயவேலுவுக்கு. அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஜெயவேலுவே நல்ல துணியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

"அத்தனை வீட்டுல போய் பஜ்ஜி தின்னுட்டு வந்தோமேடா. அந்தப் பொண்ணுங்கல்லாம் நம்மகிட்ட என்ன கொறைன்னு நெனச்சிருக்கும். பாவம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரி, உனக்குன்னு யாராவது இருக்காங்களா?"

"இல்லம்மா."

"ஏன் இல்ல? உனக்கு என்ன கொறச்சல்?" என்று உண்மையாகவே கோபித்துக்கொண்டார்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஞானாம்பாள் சில நாள் நன்றாகப் பேசுவார், சில நாள் பூஜை அறையில் நெடுநேரம் இருப்பார். உறவுக்காரர்கள் கல்யாணப் பேச்சை எடுத்தால், "அவனுக்குச் சினிமா வேல தலைக்கு மேல இருக்கு" என்று சொல்லிவிடுவார். ஆனால் அடுத்த படத்துக்கு வசனம் கேட்டபோது, கீரைக்கட்டைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் விசாரித்தார்: "யாரு, யாருக்கு? முழுசாச் சொல்லு."

ஹாலுக்கும் ஒரு சோதனை வந்தது. என்ன படம் போடவிடுகிறீர்கள் என்று யாரோ கஃபாருக்குப் போன் செய்து சத்தம் போட்டிருக்கிறார்கள். இனிமேல் இடம் கிடையாது என்று சொல்லப்போகிறார் என்றே ஜெயவேலு பயந்துகொண்டு போனார்.

"நானும் பின்னாடி நின்னு முழுப் படமும் பாத்தேன்னு சொன்னேன் தம்பி. ரெண்டு பேரு ஒழுங்கா பஸ் ஓட்டினாங்க, ஒரு ஆக்சிடென்ட் கிடையாது. உங்களுக்கு என்ன பிரச்சினைன்னு கேட்டேன். வெச்சிட்டாரு" என்றார் கஃபார். "அடுத்தது எப்போ? பாட்டு இருக்கறதா ஒண்ணு பாருங்களேன்."

ஷ்யாம்சுந்தர் கண்ணாடி வாங்க வந்தார். பிறகு கண்ணாடியை இறுக்க வந்தார், தளர்த்த வந்தார். காது வலிக்கிறது, மூக்கு வலிக்கிறது என்று வந்தார். இதற்கு மேல் அந்தக் கண்ணாடியில் சரிசெய்ய எதுவும் இல்லை என்றான பிறகு, "ஞாயித்துக்கெழம கோவளம் போலாமா?" என்று கேட்டார். போனார்கள். படகுகளுக்குப் பக்கத்தில் மீன் ஏலத்தை வேடிக்கை பார்த்தார்கள், வறுத்த வஞ்சிரம் சாப்பிட்டார்கள். தனக்கு மெதுவான படங்களே பிடிக்காது என்றும், அடிதடியும் குத்துப்பாட்டும் இருந்தால்தான் படம் என்றும் ஷ்யாம்சுந்தர் அங்கே ஒப்புக்கொண்டார்.

"அப்போ அன்னைக்குத் தூங்கினது கண்ணால இல்லையா?" என்றார் ஜெயவேலு.

"பாதி கண்ணு, பாதி படம்."

ஜெயவேலு கடலைப் பார்த்துச் சிரித்தார். இப்படி ஓர் ஆளோடு தன்னால் பொழுதைக் கழிக்க முடியும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஷ்யாம்சுந்தர் ஜன்னலோர இடத்தை அவருக்குக் கொடுத்தார். கேளம்பாக்கம் வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். ஜெயவேலு விடுவித்துக்கொள்ளவில்லை.

இப்போது ஷ்யாம்சுந்தர் முடிச்சூர் வீட்டின் மாடிப் போர்ஷனில் இருக்கிறார். தெருவுக்கு அவர் குடித்தனக்காரர், 'மாடி வாத்தியார்'. வெறும் குடித்தனக்காரர்தான் என்று நினைக்கிறவர்கள் நினைக்கிறார்கள், புரிந்தவர்கள் பேசாமல் இருக்கிறார்கள். ஒருநாள் வெறுப்பாக ஏதோ சொன்ன எதிர்வீட்டுக்காரர், மகளுக்குக் கணக்குப் பாடம் புரியவில்லை என்றதும் மாடியேறி வந்தார். கஃபாரின் ஹாலில் மாதம் ஒரு படம் நடக்கிறது. பெரிய கூட்டம் என்று சொல்ல முடியாது. செங்கல்பட்டிலிருந்து வரும் ஒரு பெண் ஒவ்வொரு முறையும் வாசலுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்காருவாள், யாரிடமும் பேச மாட்டாள். போன மாதம் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து, உள்ளே நடுவில் உட்கார்ந்தாள்.

சாயங்காலங்களில் ஜெயவேலு உள் அறையில் அமர்ந்து எழுதுகிறார். இப்போது கையில் இருப்பது போர்ச்சுக்கல் படம், இரண்டு விதவைப் பெண்கள் சேர்ந்து பேக்கரி நடத்தும் கதை. வெளியே கூடத்தில் ஞானாம்பாளும் ஷ்யாம்சுந்தரும் சோபாவில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிறார்கள். வில்லி, தன் மாமியாரின் காப்பியில் எதையோ கலக்குகிறாள், டிவியில் மேளம் அதிர்கிறது.

"சவுண்டக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க! ஒரு வசனம் ஓட மாட்டேங்குது!" என்று ஜெயவேலு உள்ளிருந்து கத்துகிறார்.

"இருடா, குடிக்கப் போறா" என்கிறார் அம்மா.